ரப்பர் செருப்புக்கு வரி இல்லை

“அந்த வரி ஐம்பது ரூவாய எடுத்துட்டு பில் போடுங்க அண்ணாச்சி” என்று இட்லிக் கொப்பரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அன்னத்தாய். காந்திமதிநாதனின் பாத்திரக்கடை வாசலில், தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பூ விற்கிறவள்.

“அது கவர்மெண்டுக்குப் போறதும்மா.”

“இப்பதான ஜவுளிக்கடை முதலாளி இதே கொப்பரைய வாங்கிட்டுக் கார்ல போறாரு? அவருக்கும் ஐம்பது, எனக்கும் ஐம்பதா? எனக்கு அது ஒரு நேரத்து யாவாரம். அவருக்கு ஒரு காப்பிக்குக் காணாது. இது என்ன நாயம்?”

ரதவீதியில் கல்லாவில் உட்கார்ந்த நாள் முதலாக யாரும் காந்திமதிநாதனை இப்படிக் கேட்டதில்லை. அவருக்கு மனதில் ஒன்று பட்டுவிட்டால் அவ்வளவுதான். நெல்லையப்பரே இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டார்.

“இனிமே நம்ம கடையில ஏழைக்கு வரி கிடையாது. பணக்காரனுக்கு ரெட்டிப்பு. கவர்மெண்டுக்குச் சேர வேண்டியது குறையாமப் போயிரும்.”

மாடி வீட்டிலிருந்து மனைவி ஆவுடைத்தாய் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? எவன் ஏழை, எவன் பணக்காரன்னு எப்படிக் கண்டுபிடிப்பீய?”

“எல்லாரும் வாசல்ல செருப்பக் கழத்திட்டுத்தான உள்ள வாராங்க? ரப்பர் செருப்புன்னா ஏழை. தோல் செருப்பு, பூட்ஸுன்னா பணக்காரன்.”

“வெள்ளிக்கிழமை கணக்குப் பாப்பேன். துண்டு விழுந்துச்சுன்னா கல்லாவுல என் தம்பி நடராஜுதான் உக்காருவான், சொல்லிட்டேன்.”

நடராஜுக்கு அந்தக் கல்லாமேல் ரொம்ப நாளாக ஒரு கண். கடைக்கு வந்தால் மேசையை ஒரு தடவு தடவாமல் போகமாட்டான். காந்திமதிநாதனுக்கோ கல்லாதான் உயிர். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

மறுநாள் வந்த முதல் பூட்ஸ் தாஜ் முகம்மதுடையது. மனிதர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பூட்ஸ் துபாயிலிருந்து மச்சான் அனுப்பியது.

“உமக்கு எப்படிவே ரெட்டிப்பு போட?” என்று தயங்கினார் காந்திமதிநாதன்.

தாஜ் முகம்மது காதோரம் குனிந்தார். “பின்னால நிக்கது நான் கட்டிக்கப்போற பொண்ணோட வாப்பா. ரெட்டிப்பாவே போடுங்க அண்ணாச்சி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

புதன்கிழமை வாசலில் ஒரு தோல் செருப்பைக்கூடக் காணோம். எல்லாம் ரப்பர். தெருமுனையில் மட்டும் கார்கள் நிற்க இடமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒருவர், வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காந்திமதிநாதனுக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய சொந்தச் செருப்பிலும் இதே மாதிரி ஊக்குதான்.

மகள் கல்யாணத்துக்கென்று சீர்ப் பாத்திரம் மொத்தமும் எடுத்தார் அந்த மனிதர். வரியில்லாமல் பில் போட்டாயிற்று.

“பாத்திரத்துல என்ன பேரு வெட்டணும்?”

“டாக்டர் குமரகுருபரன், எம்.டி.”

காந்திமதிநாதன் பல்லைக் கடித்தார். செருப்பு வேண்டாம், இனிமேல் கையைப் பார்ப்போம், காய்த்துப் போன கைதான் உழைக்கிற கை என்று முடிவெடுத்தார். வியாழக்கிழமை காலையில் ஒரு கை காய்த்துக் கிடந்தது. ஜிம்மில் எடை தூக்குகிற பேங்க் மேனேஜருடைய கை அது என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது. அடுத்த கை வழவழவென்றிருந்தது. நாளெல்லாம் எண்ணெய் தொட்டு முறுக்கு சுற்றுகிறவள் அவள். ரெட்டிப்பு என்றதும், விலைக்கு எடுத்த கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மத்தியானமே மறுபடியும் செருப்புக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை விழுந்த துண்டைப் பார்த்து ஆவுடைத்தாய் திட்டக்கூட இல்லை. தம்பியைக் கூப்பிட்டாள். நடராஜ் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தான். “இனிமே எல்லாருக்கும் ஒரே வரிதான் அத்தான்.”

“கல்லா போனாப் போகுது. நாயம் நாயம்தாம்லே!” என்று சொல்லிவிட்டுக் காந்திமதிநாதன் விறுவிறுவென்று வாசலுக்கு வந்து, ஊக்கு குத்திய தன் செருப்பில் காலை நுழைத்தார்.

“ஐயய்யோ, அதப் போடாதீங்க அண்ணாச்சி!” என்று பூக்கூடையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள் அன்னத்தாய். “உள்ள நிக்க ஆளு வெளிய வந்தா எதப் போடுவாரு?”

“இது என் செருப்புல்லா!”

“உங்கதுதான். இப்ப வாடகையில இருக்கு.”

தூணுக்குப் பின்னால் விரித்திருந்த சாக்கை அவள் பைய விலக்கினாள். உள்ளே தோல் செருப்பும் பூட்ஸுமாகப் பளபளவென்று அடுக்கியிருந்தது.

“கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி, உங்க நாயப்படிதான் வாங்குதேன். கார்ல வந்தா ஐம்பது, பைக்குல வந்தா இருபது, நடந்து வந்தா இனாம்.”