கணக்குச் சாமியின் அருள்வாக்கு

செவ்வாய்க்கிழமை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டி நிற்கிற பேருந்துகளில் பாதிக் கூட்டம் கணக்குச் சாமியைப் பார்க்கப் போகிற கூட்டம். மற்ற சாமியார்கள் கையைப் பார்ப்பார்கள், ஜாதகத்தைப் பார்ப்பார்கள். இவர் நவீன சாமி. வங்கிக் கணக்கில் உங்களுக்கு எவ்வளவு இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு ரூபாய் பிசகாமல் சொல்லிவிடுவார். தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்துகொள்ள ஜனங்கள் பேருந்தேறி வந்து, வெயிலில் நின்று, நூற்றொரு ரூபாய் காணிக்கையும் வைத்தார்கள். நாடு எங்கேயோ போய்விட்டது!

அம்சத்துக்குப் போன வாரம் அந்தப் பாக்கியம் கிடைத்தது. "நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு" என்றார் சாமி. அவளுக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்து தோஷம் வந்தது. வராமல் இருக்குமா?

"பணம் வருது, தங்கல. ஏடிஎம் கார்டு, ரகசிய நம்பர், சிம்மு மூணையும் பீடத்துல ஒரு மண்டலம் வை. லட்சுமி குடி வந்துடுவா. வெளியில சொன்னா பலிக்காது."

சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் என்று எவர் கேட்டாலும் ஒரு செட் எடுத்து நீட்டிப் பழகிய ஊர் இது. சாமி கேட்டால் மட்டும் கை சும்மா இருக்குமா? தவிர, அம்சத்துக்கு அவசரம். இரண்டு ஏக்கர் குத்தகையில் விளைந்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தாள். பணம் நாலு நாளில் கணக்கில் விழும். மகள் நர்சிங் படிப்புக்கு அதைத்தான் கட்ட வேண்டும். அதற்குள் கார்டு பீடம் ஏறியாக வேண்டும்.

வெளியில் சொல்லக்கூடாது என்றாலும் நாத்தனார் வெளியாள் இல்லையே! இந்தச் செவ்வாய் கார்டோடு போகும்போது பேருந்திலேயே மலர்க்கொடியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மலர்க்கொடி போனிலேயே மாப்பிள்ளைச் சம்பா அரிசி விற்பவள். எவனோ திருட்டுப் பணத்தில் இவளிடம் அரிசி வாங்கப்போய், இவள் கணக்கு முடங்கி, இருபத்து மூன்று நாள் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்தவள்.

"அண்ணி, உள்ள போகுமுன்ன போனை என்ன பண்ணுவாங்க?"

"வாசல்ல ஒரு தாடிக்காரர் டோக்கன் போட்டு வாங்கி வச்சுக்குவாரு. பூட்டை எடுத்துட்டுக் குடுக்கணும். பூட்டுன வீட்டுக்குள்ள லட்சுமி நுழைய மாட்டாளாம்."

"அப்புறம்?"

"பீடத்தை ஒம்பது சுத்துச் சுத்தணும்."

மலர்க்கொடி சிரித்தாள். "இன்னிக்கி என் போனை நீங்க குடுங்க. உங்க போனை நான் குடுக்கறேன். சாமிக்கு உங்க கணக்கு தெரியுதா, போன் தெரியுதான்னு பாத்துருவோம். சரியாச் சொல்லிட்டா நானே உங்க கார்டைப் பீடத்துல வைக்கிறேன்."

அம்சம் அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டாள். சாமியைச் சோதிப்பது பாவம் என்று ஒன்பது சுற்றும் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

சாமி கண்ணை மூடினார். புருவம் துடித்தது. "பதினோராயிரத்து எழுநூத்தி நாப்பது!"

கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கையை அம்சம் இறக்கினாள். "சாமி... என் கணக்குல போன வாரம் சொன்ன நாலாயிரத்துச் சொச்சந்தான் இருக்கு."

வேறு ஆளாக இருந்தால் வியர்த்திருக்கும். சாமி அசரவில்லை. "பாத்தியா! கார்டைக் கொண்டுவர மனசுல நெனச்ச, லட்சுமி ஏறிட்டா!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு பெண்மணி குலவையே போட்டுவிட்டார்.

அடுத்து மலர்க்கொடி. "நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு" என்றார் சாமி.

"காலையில எனக்குப் பதினோராயிரத்து எழுநூத்தி நாப்பது இருந்திச்சே. எங்க அண்ணிக்கு ஏறுனது என் பணமா சாமி? லட்சுமி ஒரு வீட்டுல திருடித்தான் இன்னொரு வீட்டுக்குக் குடுப்பாளா?"

சாமி வாயைத் திறக்குமுன் போன் மாற்றிய கதையை அவள் உரக்கச் சொன்னாள். நேரே வாசலுக்குப் போய்த் தன் போனை வாங்கிவந்து, எல்லோரும் பார்க்க வங்கிக்கு ஒரு மிஸ்டு கால் விட்டாள். ஒரு நிமிடத்தில் டிங் என்று செய்தி வந்தது: இருப்பு பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது.

"பாத்தீங்களா? வாசல்ல தாடிக்காரரு பண்றதும் இதான். எனக்கும் அருள் வந்துடுச்சு. நூத்தியொண்ணு யாரு குடுக்கப் போறீங்க?"

வரிசையில் நின்ற நடராசனுக்கு முகம் வெளிறியது. பத்து ஏக்கர்காரர். போன மாதமே கார்டைக் கொடுத்தவர். "தங்கச்சி, பாஸ்புக்கைப் போட்டுப் பாத்தா, என் கணக்குல ஒரே நாள்ல ஒம்பது லட்சம் வந்து, சாயங்காலமே போயிடுச்சு. லட்சுமி வீடு பாக்க வந்துட்டுப் போனான்னு சாமி சொன்னாருங்களே?"

"அது எவரோ ஏமாந்த பணம்ணே. திருடுன பணத்தைச் சுத்தமாக் காட்டணும்னா நாலு அப்பாவி கணக்கு வழியா ஓட்டணும். நீங்க வாய்க்கால் வெட்டிக் குடுத்திருக்கீங்க. கார்டு யாரு கையில இருந்துச்சுன்னு அப்புறந்தான் கேப்பாங்க. மொதல்ல கணக்கு யாரு பேருலன்னு பாத்து உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க."

அதன்பின் பீடத்துக்கு மரியாதை இல்லை. பட்டுத்துணியை இழுத்தார்கள். அடியில் அம்மன் இல்லை. ரப்பர் பேண்டு போட்ட அறுபத்துச் சொச்சம் ஏடிஎம் கார்டுகள். ஒவ்வொன்றோடும் சிம்மும் ரகசிய எண் எழுதிய சீட்டும். மலர்க்கொடி காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். தாடிக்காரர் வாய்க்காலைத் தாண்டி ஓடினார். முக்காலமும் அறிந்த சாமிக்குப் போலீஸ் ஜீப் வரப்போவது மட்டும் தெரியவில்லை.

முந்தானையில் முடிந்திருந்த கார்டை அம்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்னும் அரை மணி நேரத்தில் மகளின் படிப்பைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருப்பாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாமி மேல் பாதி, தன் மேல் பாதி.

அப்போது நடராசன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தஞ்சாவூர்ப் பக்கம் போலீஸ் கேஸ் தோஷம் கழிக்கிற சாமி ஒருத்தர் இருக்காராமே. போய்ப் பாக்கலாமாம்மா?"

அம்சம் வெடித்தாள். "வங்கிக்குப் போங்கய்யா! போலீசுல நடந்ததச் சொல்லுங்க! உங்க பணம், உங்க பேரு. அதைப் பாக்க ஆண்டவன் உங்களுக்கே ரெண்டு கண்ணு வச்சிருக்கான். இதுக்கும் எவன் கண்ணையாவது வாடகைக்கு எடுக்கணுமா?"