ஸ்டியரிங் பிடித்தவர் பேசக் கூடாது

ஜொகூர் பாருவில் மாலை வேளைகளில் கார்கள் ஓடுகின்றன என்பது பரவலான மூடநம்பிக்கை. அவை நிற்கின்றன. முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தை இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக எப்போதாவது சற்று நகர்கின்றன. ஆனால், நிற்கிற கார்தானே என்று போனைக் கையில் எடுப்பவர் தர்க்கப் பிழை செய்கிறார். செசிலியா அந்தப் பிழையைத் தினமும் செய்தாள்.

அவள் கணவர் மரியநாதன், பணி ஓய்வு பெற்ற துணைத் தலைமையாசிரியர். தெப்ராவ் சாலையில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் செசிலியா தங்கை எவ்லினோடு பேசி முடிக்காமல், பின்னால் ஒரு சாலையே ஹாரன் அடித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டம் பிறப்பித்தார்.

"ஓட்டுறவங்க போனைத் தொடக் கூடாது. கார் நின்னாலும் அது ஓட்டுறதுதான். போன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க மடியில இருக்கணும். அவங்க எடுத்துப் பேசணும். அவங்க சொல்றதுதான் முடிவு."

"யார் ஓட்டினாலுமா?"

"யார் ஓட்டினாலும்."

"நல்ல சட்டம்ங்க," என்றாள் செசிலியா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவர், வெற்றிக் களிப்பில் இன்னொரு தோசை கேட்டார்.

சட்டத்தின் கடைசி வாக்கியத்தில்தான் அவருடைய உள்நோக்கம் இருந்தது. எவ்லின் மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை தங்காக் துணிக்கடைகளுக்குப் போகலாம் என்று எவ்லின் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அக்காளும் தங்கையும் ஒரு புடவையை வேண்டாம் என்று முடிவு செய்யவே அரை நாள் ஆகும். அவருக்கோ அன்று நண்பன் குணாளனோடு மெர்சிங்கில் படகேறி மீன் பிடிக்க வேண்டும். காற்று, மழை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போன பயணம் இப்போதுதான் கைகூடியிருந்தது. செசிலியாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் செசிலியா ஓட்டினாள். எவ்லின் அழைத்தாள். மரியநாதன் கம்பீரமாக எடுத்தார்.

"அக்கா ஓட்டுறாம்மா. சனிக்கிழமை வர முடியாதாம்."

செசிலியா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, "முட்டி வலிக்குது, நீங்க ஓட்டுங்களேன்" என்றாள். அதே சாலை, அதே நெரிசல். அவள் மடியிலிருந்த அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நாளைக்கு விடியக்காலைல மெர்சிங். படகு ரெடி," என்றது குணாளனின் குரல்.

"நான் செசிலியா, தம்பி. அண்ணன் ஓட்டுறார். என்ன படகு?"

குணாளன் இருமினான். மரியநாதன் முன்னால் நின்ற லாரியின் எண்ணைக் கவனமாகப் படித்தார்.

"இங்க குடு, நான் பேசுறேன்."

"கை ஸ்டியரிங்லங்க."

"கார் நிக்குது லா."

"நின்னாலும் ஓட்டுறதுதான்." பிறகு போனில் சொன்னாள்: "அண்ணன் வர முடியாதாம் தம்பி. மச்சினிச்சிக்கு வாக்குக் குடுத்துட்டார்."

"நான் எப்போ குடுத்தேன்?"

"இருங்க, இப்பக் குடுக்கப் போறீங்க." அவருடைய போனிலிருந்தே எவ்லினை அழைத்தாள். "அத்தான் ஓட்டுறார், அதான் நான் பேசுறேன். நாளைக்கு அவரே நம்மளத் தங்காக் கூட்டிட்டுப் போறாராம். ஆமா, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லையாம்."

"அலமாக்!" என்று பதறினார் மரியநாதன். "நான் எங்க..."

செசிலியா பையிலிருந்து சூடான கறிபாப் பலகாரம் ஒன்றை எடுத்து, பாதியாகப் பிட்டு, ஊதி, அவர் வாயில் வைத்தாள். உருளைக்கிழங்கு, நிறைய மிளகாய், அவருக்குப் பிடித்த பக்குவம். மறுப்புரை அங்கேயே நின்றது.

"கோவமா?" என்று கேட்டாள்.

அவர் மென்று விழுங்கினார். லாரி நகரவில்லை.

"இன்னொரு பாதி இருக்குல்ல?"

மறுநாள் காலை, நெடுஞ்சாலையில் பாகோவைத் தாண்டும்போது, குணாளன் ஒரு தெங்கிரி மீனின் படத்தை அனுப்பினான். செசிலியா பார்த்தாள். பின்னிருக்கையில் எவ்லின் வாங்கிப் பார்த்தாள். 'அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம்' என்று செசிலியா பதில் அனுப்பினாள். மரியநாதன் ஓட்டிக்கொண்டிருந்தார்.