ஷொக் மாற்றிய மாப்பிள்ளை

"ஷொக்," என்றார் ஹியூபேட். அவ்வளவுதான். ஜீப்பிலிருந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டாஞ்சேனை வீட்டுப் படியேறி உள்ளே போய்விட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜெனிஸ்டன் விறைத்துப்போய் இருந்தான். டீசல் எஞ்சின் போட்ட கூச்சலில் அந்தச் சொல்லும் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. ஆனால் அது போதும். சிலாபத்தில் இருக்கும் ஹியூபேட்டின் அக்காவின் தென்னந்தோட்டத்துக்குப் போகிற மண்பாதை முழுக்கக் குழியும் கிடங்கும். ஒவ்வொரு கிடங்கிலும் ஜீப் ஒரு தரம் விழுந்து, பிறகு தன்பாட்டில் ஆடிக்கொண்டே போனது. ஷொக் அப்சோபர்கள் செத்துக் கனகாலம் என்பது ஜெனிஸ்டனுக்குத் தெரியும். வழி நெடுக அதே கவலையாகத்தான் ஓட்டினான். இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் சும்மா ஆள் இல்லை, யூஜினாவின் அப்பா. "பெடியனோட ஒரு பயணம் போய்ப் பாத்துத்தான் கலியாணத்துக்கு முடிவு சொல்லுவன்" என்றவர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்கமாட்டார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஜெனிஸ்டனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவரைப் பார்த்தால் அவனுக்கு ஒரு பிரமிப்பு. ஜீப் அந்தக் குலுக்குக் குலுக்கியும் மனிதர் கைபிடியைத் தொடவில்லை. காலைச் சற்று அகட்டி ஊன்றி, கண்ணை அரைவாசி மூடி, கையில் பால் விடாத பிளேன்ரீத் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உயிரோடு வீடு போய்ச் சேரச் செபம் சொல்கிறார் என்று ஜெனிஸ்டன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளவத்தையில் தன் வீட்டுக்கு வந்ததும் யூஜினாவுக்குப் போன் எடுத்தான்.

"அப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த ஞாயிறும் உங்களோட போகலாமோ எண்டு கேக்கிறார்."

"திருப்பி டெஸ்ட் வைக்கிறார் போல."

"அப்பிடித்தான் இருக்கும். ஜெனி, அப்பாக்குப் பிடிக்கேல்லை எண்டா நான் அவரை மீறி வரமாட்டன். அதைச் சொல்லிப்போட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலையே ஜெனிஸ்டன் தெஹிவளையில் வாகனம் திருத்தும் பௌஸி நானாவின் கராஜில் நின்றான்.

பௌஸி நானா முன் பம்பரில் ஒரு கையை வைத்து அமத்திவிட்டு எடுத்தார். ஜீப் ஆமாம் போட்டது. நிறுத்தாமல் ஆமாம் போட்டது.

"தம்பி, இது வாகனமில்ல, ஊஞ்சல். கேஸ் ஷொக் போடுவம். பாரம் ஏத்துற லொறிக்காரங்க எல்லாரும் இதத்தான் போடுறாங்க. கல்லு மாதிரி நிக்கும்."

கல்லு மாதிரித்தான் நின்றது. இரண்டாம் பயணத்தில் பாதையில் கிடந்த தேங்காய் மட்டைகூட முதுகெலும்பில் ஏறி இறங்கியது. பாரம் சுமக்கும் ஷொக்குக்குப் பாரமாக இருந்தவர்கள் இரண்டே பேர். தோட்டத்து வாசலில் ஜீப் விழுந்த ஒரு கிடங்கில், அந்தப் புகழ்பெற்ற பிளேன்ரீ முழுவதும் ஹியூபேட்டின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

ஹியூபேட் சட்டையைப் பார்த்தார். ஜீப்பின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"முந்தி மாதிரி இல்லை, தம்பி," என்றார்.

ஜெனிஸ்டனுக்கு உயிர் வந்தது. முந்தியதைவிடத் திருத்தம் என்று மனிதரே ஒப்புக்கொள்கிறார். தேநீர் கொட்டியதுதான் குறை. அதையும் சரிக்கட்டிவிட்டால் யூஜினா அவனுக்குத்தான்.

இந்த முறை பௌஸி நானாவே பஞ்சிகாவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உதிரிப்பாகக் கடைகளின் நடுவே, கூரைவரை ஷொக் அப்சோபர்கள் அடுக்கிய ஒரு கடையில் ஜெனிஸ்டன் வாய் பிளந்து நின்றான். மனிதனுடைய முதுகு நோகாமல் இருப்பதற்காக உலகத்தில் இத்தனை பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கடைக்காரர் உள்ளேயிருந்து துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு குட்டிச் சிலிண்டர், அதன் தலையில் ஒரு திருகு. திருநாளுக்குப் பீடத்தில் ஏற்றும் மெழுகுதிரித் தண்டு மாதிரிப் பளபளத்தது.

"மண்பாதையில காரோட்டப் போட்டிக்குப் போற ஆக்கள் போடுறது," என்றார் பௌஸி நானா, குரலைத் தாழ்த்தி. "இந்தப் பக்கம் திருகினா எளகும், அந்தப் பக்கம் திருகினா இறுகும்."

ஜெனிஸ்டன் தன்னுடைய கூடாரத்தையும் மலையேறும் சாமான்களையும் விற்று அதை வாங்கினான். பூட்டி முடிந்ததும் பௌஸி நானா பம்பரை அமத்தினார். ஜீப் ஒரு தரம் பணிந்து, எழும்பி, அப்படியே நின்றது.

"ஷோக்கா ஈக்கி, பிரமாதம்," என்று நானா மெச்சினார். தன் வேலையைத் தானே மெச்சுவது அவருக்கு வழக்கம்.

மூன்றாம் பயணத்தில் ஜெனிஸ்டனுக்கே நம்ப முடியவில்லை. கிடங்கு வருவது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. சில்லுகள் கீழே என்னவோ கூத்தாடின, மேலே இரண்டு மனிதர்கள் மாதா கோயில் வாங்குப் பலகையில் அசையாமல் இருப்பதுபோல இருந்தார்கள். டாஷ்போர்டில் வைத்த பிளேன்ரீயில் ஒரு சின்ன வளையம் எழும்பி அடங்கியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரும்பும் எண்ணெயும் சேர்ந்து இப்படி ஒரு கருணையைச் செய்யும் என்று யார் கண்டது.

பெருமையோடு பக்கத்தில் திரும்பினான். ஹியூபேட் நித்திரை.

கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் எழுப்பினான். அவர் இறங்கி நின்று, ஜீப்பை நீண்ட நேரம் பார்த்தார். முகம் வாடியிருந்தது.

"இதுக்குப் பஸ்ஸிலேயே போயிருக்கலாம்," என்றார். "யூஜினாவின்ர விசயத்தைக் கொஞ்ச நாள் ஆறப்போடுவம், தம்பி."

வாசல் கதவருகே நின்ற யூஜினா உள்ளே போனாள். ஜெனிஸ்டன் ஜீப்பிலிருந்து குதித்து அவர் முன்னால் வந்து நின்றான்.

"அங்கிள், இதுக்கு மேல நான் என்ன செய்யிறது? உலகத்திலயே நல்ல ஷொக் போட்டிருக்கிறன்."

"அப்ப அந்தப் பழைய ஜீப்பை என்ன செய்தனீர்?"

"இதுதான் அங்கிள் அது. நீங்கதானே முதல் நாள் இறங்கினவுடன ஷொக் சரியில்லை எண்டு சொன்னீங்கள்."

"நானோ?"

"'ஷொக்' எண்டு சொல்லிப்போட்டுத்தானே உள்ள போனீங்கள்."

ஹியூபேட் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி பேர்ணடெற் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு நாளும் தேநீர் கொடுத்ததைத் தவிர இந்த விசயத்தில் தலையிடாத மனுசி.

"தம்பி, இவர் ஆயுள் முழுக்கப் போர்ட்டில கப்பல் இழுக்கிற டக் போட்டில நிண்டவர். பென்ஷன் எடுத்து வந்த நாளில இருந்து, தரை ஆடுதில்லை எண்டு ஒரே மனவருத்தம். அண்டைக்கு உம்மட ஜீப்பில போயிற்று வந்து, கடலுக்குப் போய் வந்த மாதிரி இருக்கு எண்டு என்னட்டை மட்டும் சொல்லி இரவிரவாச் சிரிச்சுக்கொண்டிருந்தவர்," என்றார் பேர்ணடெற். "அவர் சொன்னது 'ஷொக்' இல்லை தம்பி, 'ஷோக்'. உமக்கு அவர் கலியாணத்துக்கு ஓம் சொன்னது அண்டைக்குத்தான்."