இருபத்திரெண்டு டிவியில காணாமப் போன ரூம்

நேத்து புதுக்கோட்டைக்கு டிவி வாங்கப் போனேன்.

அவ்வளவுதாங்க வேலை. போனமா, வாங்குனமா, வந்தமான்னு இருக்க வேண்டியது. அப்பிடி இருந்தா நான் ஏன் இங்க உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கப் போறேன்?

நான் வீட்டு பிளான் வரையிற ஆளு. அறந்தாங்கியில எங்க வீட்டு முன்ரூம்தான் ஆபீஸ். பகல் பூரா கம்ப்யூட்டர்ல கோடு போடுறது தொழில். மானிட்டர் ஒரு சாப்பாட்டுத் தட்டு சைஸு. பாத்ரூம் கதவு உள்ள தெறக்குதா வெளிய தெறக்குதான்னு பாக்க, மூக்கை ஸ்கிரீன்ல ஒட்ட வைக்கணும்.

வீட்டம்மா ஸ்டெல்லா நர்ஸு. ஆஸ்பத்திரியில அவளைப் போலப் பொறுமைசாலி கெடையாதுன்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்து கேம் கன்ட்ரோலரைக் கையில எடுத்துட்டா வேற ஆளு. கார் ரேஸ் ஆடுவா. எங்க பழைய டிவியில ஆடி ஆடி, ஒரு நாள் கன்ட்ரோலரை சோபாவுல வீசிட்டு வந்தா.

"ஏங்க, நான் திருப்புன பொறவு இந்தக் கார் யோசிச்சுல்ல திரும்புது! எல்லா வளைவுலயும் செவுத்துல முட்டுறேன். இந்தத் தடவை டிவி வாங்குனா ஒழுங்காப் படிச்சுட்டு வாங்குங்க."

படிச்சேன். பதினஞ்சு நாள்! பகல்ல நான் பிளான் வரைய, சாயங்காலம் அவ கார் ஓட்ட, ரெண்டுக்கும் ஒரே டிவி. அதுக்கு என்னென்ன இருக்கணும்னு வீடியோவாப் பாத்துத் தள்ளுனேன். ரெஃப்ரெஷ் ரேட், கேம் மோடு, இன்புட் லேக் (அதான், ஸ்டெல்லா கார் யோசிக்கிற நேரம்)... சாப்பிடுறப்பக்கூட அதே பேச்சு. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா"ன்னு ஸ்டெல்லா கேட்டா, "ரெஸ்பான்ஸ் டைம் முக்கியம்"னு சொல்லுவேன்.

இவ்வளவு படிச்சும் ஒரு சந்தேகம். கடையில எல்லா டிவியும் அழகாத்தான் தெரியும். வீட்டுக்குக் கொண்டாந்து நம்ம கம்ப்யூட்டரை மாட்டுனாதான் வண்டவாளம் தெரியும். எழுத்தெல்லாம் கலங்கலா, மழையில நனைஞ்ச போஸ்டர் மாதிரி தெரிஞ்சா என்ன பண்றது?

அப்பத்தான் அந்த ஐடியா உதிச்சுச்சு. கம்ப்யூட்டரைக் கடைக்கே தூக்கிட்டுப் போயிட்டா?

ஸ்டெல்லா டூட்டிக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா. ஒரு நிமிஷம் என்னையப் பாத்தா. "பத்திரமாப் போயிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னா. ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட சொல்ற அதே கொரல்.

சிபியுவைப் பழைய பெட்ஷீட்டுல சுத்தி, மடியில நிமுத்தி வச்சுக்கிட்டு பஸ்ல உக்காந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் மூட்டையவே பாத்தாரு. செருப்பை மெதுவாக் கழட்டுனாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு.

"எந்த ஊருக் கோயிலுக்கு தம்பி கொண்டு போறீக?"

"ஐயா, இது கம்ப்யூட்டருங்க."

போட்ட கும்பிடை அப்பிடியே வாபஸ் வாங்கிட்டு ஜன்னப் பக்கம் திரும்புனவருதான். புதுக்கோட்டை வர்ற வரைக்கும் என் மூஞ்சியவே பாக்கல.

கீழ ராஜ வீதியில ஒரு பெரிய கடை. கீழ மிக்சி, கிரைண்டரு, ஃபேனு. மாடி பூரா டிவி. ஒரு செவுரு முழுக்க இருபத்திரெண்டு டிவி. எண்ணிப் பாத்தேன். எல்லாத்துலயும் ஒரே மீனு நீந்திக்கிட்டு இருந்துச்சு.

"வாங்க சார், என்ன சைஸ்ல பாக்குறீங்க?"ன்னு ஒரு பொண்ணு வந்தாங்க. பேரு சத்யான்னு சட்டையில குத்தியிருந்துச்சு.

பதினஞ்சு நாள் படிப்பைக் காட்ட வேண்டாமா? தொண்டையச் செருமிக்கிட்டு, "சைஸை விடுங்கம்மா. இன்புட் லேக் எவ்வளவு?"ன்னேன்.

"லேக்கெல்லாம் ஆகவே ஆகாது சார். நாளைக்கே டெலிவரி."

சரி, இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலைன்னு மனசுக்குள்ள ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னாடி அனுபவிச்சேன்.

மூட்டையப் பிரிச்சேன். சத்யா ரெண்டடி பின்னாடி போனாங்க. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எல்லா டிவிக்கும் ஒரே லைன்தான் சார். இந்தப் பாக்ஸ்ல மாட்டுனா எல்லாத்துலயும் உங்க கம்ப்யூட்டர்தான் வரும். பரவாயில்லையா?"ன்னாங்க.

பரவாயில்லையாவா! ஒரே நேரத்துல இருபத்திரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாமே! யாருக்குக் கெடைக்கும் இந்த வாய்ப்பு?

மாட்டுனேன். மீனெல்லாம் மறைஞ்சுச்சு. இருபத்திரெண்டு டிவியிலயும் என் கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சுச்சு.

"மவுஸ் எங்க சார்?"

மவுஸு அறந்தாங்கியில மேசை மேல இருந்துச்சு. பக்கத்துல கீபோர்டும் இருந்துச்சு.

"மிக்சி கடையில மவுஸ் இருக்காது சார்"னு சத்யா பாவமாச் சொன்னாங்க. சரி, படம் தெளிவாத் தெரியுதான்னு மட்டுமாவது பாப்போம்னு நின்னேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். முடிச்ச பிளானை ரெண்டு நாளைக்கு டெஸ்க்டாப் படமா வச்சிருக்கிறது என் பழக்கம். போறப்ப வாரப்ப கண்ணுல பட்டா தப்பு தட்டுப்படும். அப்பிடி அன்னிக்கு இருந்தது முத்துக்குமார் வீட்டு பிளான். அந்தத் தம்பி சார்ஜாவுல வேலை பாக்குறாப்ல. அறந்தாங்கிக்கு வெளிய அவுக மனையில வீடு கட்டணும்னு என்னையப் பிடிச்சாப்ல. முந்தாநேத்துத்தான் பிளானை மெயில்ல அனுப்பியிருந்தேன்.

அந்த பிளான் இப்ப செவுரு முழுக்கப் பளபளன்னு நிக்குது. எனக்கே பெருமையா இருந்துச்சு. கீழ ஃபேன் வாங்க வந்தவுகல்லாம் மேல ஏறி வந்துட்டாக.

"புது ஸ்கீமா சார்? டிவி வாங்குனா வீடா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு.

"போர்டிகோ பத்தாதுங்க. கார் மூக்கு வெளிய நிக்கும்"னாரு இன்னொருத்தர்.

"ஹால்ல உக்காந்தா அடுப்படி நேராத் தெரியுதே! விருந்தாளி வந்தா எங்கிட்டுப் போயி ஒளியிறது?"ன்னு ஒரு அம்மா.

நானும் சும்மா இருக்கல. கையக் கட்டிக்கிட்டு, "காத்தோட்டத்துக்காக அப்பிடி வச்சிருக்கேங்க"ன்னு வெளக்கம் வேற!

அப்பத்தான் பின்னாடியிருந்து ஒரு கொரல்.

"ஏ கவிதா, இது நம்ம மனையில்ல? கெணறு இங்கிட்டு, வேப்பமரம் அங்கிட்டு, மூலையில வெட்டுப்பட்ட மாதிரி..."

திரும்பிப் பாத்தேன். முத்துவோட அம்மா பாக்கியம். பக்கத்துல முத்து பொண்டாட்டி கவிதா. புது வீட்டுக்குக் கிரைண்டர் வெல விசாரிக்க வந்திருக்காக!

"அடடே, பிளான் தம்பியா! நம்ம வீட்டையா ஊருக்கே காட்டிக்கிட்டு இருக்கீக?"ன்னு சிரிச்சுக்கிட்டே பக்கத்துல வந்தாங்க. "நல்லதாப் போச்சு. எனக்கு எந்த ரூமு? காட்டுங்க பாப்போம்."

நான் கையத் தூக்குனேன். தூக்குன கை அப்பிடியே நின்னுச்சு.

ஹால் இருக்கு. கிச்சன் இருக்கு. ரெண்டு பெட்ரூம் இருக்கு. கெழக்கு ஓரத்துல அம்மா ரூமு இருக்கணும். அங்க ஒரு ஒடுக்கமான சந்து மட்டும் நிக்குது! பேரையும் காணோம், கடைசிச் செவுத்தையும் காணோம்.

"அது சிலிண்டர் வைக்கிற எடங்க"ன்னு போர்டிகோக்காரரு எடுத்துக் குடுத்தாரு.

பாக்கியம்மா மொகத்துல இருந்த சிரிப்பு போயிருச்சு. "சிலிண்டர் வைக்கிற எடத்துலயா என்னையப் படுக்கச் சொல்றாக?"

"இல்லம்மா, ரூம் இருக்கும்மா! தனி பாத்ரூமோட போட்டேம்மா! நான்தாம்மா போட்டேன்!"

"எங்க தம்பி?"

எங்கன்னு எனக்கும் தெரியலையே! அந்த வாரம்தான் ரெண்டு தடவை பிளானை மாத்தியிருந்தேன். வராண்டாவை நீட்டுறப்ப நானே அந்த ரூமை அழிச்சுட்டனோ? அழிச்சதைத்தான் சார்ஜாவுக்கும் அனுப்பிட்டனோ? ஏசி ஓடுது, எனக்கு முதுகுல வேர்வை ஓடுது. போன்ல எடுத்துக் காட்டலாம்னா, பிளானை கம்ப்யூட்டர்லேர்ந்து அனுப்புனேன், போன்ல மெயிலே வச்சுக்கல. படத்தை நகட்டிப் பாக்கலாம்னா மவுஸ் இல்ல.

பாக்கியம்மா மகனுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க.

"ஏண்டா முத்து, வீட்டுல எனக்கு ரூமே இல்லையாம்ல?"

"என்ன ஆத்தா சொல்ற? யாரு சொன்னா?"

"இங்க இருபத்திரெண்டு டிவியில காட்டுறாகடா!"

நான் போனை வாங்குனேன். "தம்பி, நான்தான். அனுப்புன பிளான்ல ரூம் இருந்துச்சா, இல்லையா? நீங்க பாத்துட்டு சூப்பர்ண்ணேன்னு பதில் போட்டீங்கல்ல?"

"அது வந்துண்ணே... வேலை ஜாஸ்தியா இருந்துச்சுண்ணே. நீங்க நல்லாத்தான் போட்டிருப்பீகன்னு தெறக்காமலே..."

"தெறக்காமலேயா சூப்பர்னு போட்ட?"ன்னு பாக்கியம்மா போனைப் பிடுங்கி கட் பண்ணிட்டாங்க.

சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலாம். "சரி விடுங்க தம்பி. என்னத்துக்கு ரூமு"ன்னு ஒரு டிவி அட்டைப்பெட்டி மேல கைய ஊணிக்கிட்டு நின்னுட்டாங்க.

கூட்டம் வேற சும்மா இருக்கா? அத்தனை கண்ணும் கவிதா பக்கம் திரும்புச்சு. விருந்தாளியப் பத்திக் கவலைப்பட்ட அம்மா, "ம்ம்ம்"னு ஒரு இழு இழுத்தாங்க. அந்த ஒத்தை 'ம்ம்ம்'லயே தீர்ப்பு வந்துருச்சு.

"அத்தே, நான் ஒண்ணும் சொல்லலத்தே! சத்தியமா இந்த பிளானையே இன்னிக்குத்தான் பாக்குறேன்!" கவிதாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஒவ்வொரு டிவியாப் போயி மொறைச்சுப் பாக்க ஆரம்பிச்சுச்சு அந்தப் பொண்ணு. பெரிய டிவி, வளைஞ்ச டிவி, ஓரம் மெல்லிசா இருக்குற டிவி. எல்லாத்துலயும் அதே சந்து.

கடைசி வரிசை, கடைசி டிவி. தூண் மறைவுல, யாரும் பாக்காத எடத்துல ஒண்ணு மாட்டியிருந்தாங்க.

"அத்தே! இங்க வாங்க! இதுல இருக்கு!"

எல்லாரும் ஓடுனோம். நான்தான் மொத ஆளு.

இருந்துச்சுங்க! முழு ரூமு! கெழக்க பாத்த ஜன்னலோட, தனி பாத்ரூமோட! ரூமுக்குள்ள எழுத எடம் பத்தாம வெளிய அம்புக்குறி போட்டு எழுதியிருந்தேன்ல, 'அம்மா ரூம்'னு, அது ஒரு எழுத்து பாக்கியில்லாமத் தெரிஞ்சுச்சு.

"அது எப்பிடிங்க, ஒரு டிவியில இருக்கு, மத்ததுல இல்ல?"ன்னு கேட்டது வேற யாரும் இல்ல, பதினஞ்சு நாள் படிச்ச நான்தான்.

சத்யா ரிமோட்டை எடுத்துக்கிட்டு சாதாரணமா வந்தாங்க. "டிவியெல்லாம் படத்தைக் கொஞ்சம் பெருசா இழுத்துக் காட்டும் சார். நாலு ஓரமும் வெட்டுப்பட்டுரும். சினிமா பாக்குறவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் மாட்டுனாத்தான் தெரியும். இந்த டிவியில யாரோ கஸ்டமர் செட்டிங்கை மாத்திட்டுப் போயிருக்காங்க."

பக்கத்து டிவிக்கு ரிமோட்டைக் காட்டி நாலு பட்டன் தட்டுனாங்க. படம் மெதுவா உள்ள சுருங்குச்சு. அம்மா ரூம் வந்துச்சு! அடுத்த டிவி, அதுலயும் அம்மா ரூம்! ஒவ்வொண்ணா வரவர கூட்டம் கை தட்டுது. போர்டிகோக்காரரு விசிலே அடிச்சுட்டாரு.

பாக்கியம்மா கவிதா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "நான் ஒண்ணும் ஒன்னையச் சொல்லலையே, அழுகாத"ன்னாங்க. அப்பறம் மகனுக்கு மறுபடி போனைப் போட்டாங்க. "ரூம் இருக்குடா. ஒன் பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சா. நீ மொதல்ல அந்த மெயிலைத் தெற!"

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு. நானும் நிம்மதியாகி சத்யாகிட்ட, "தூண் மறைவுல இருக்குறதையே பில் போடுங்கம்மா"ன்னேன். எழுத்து தெளிவா இருக்கு, கேம் மோடும் இருக்கு, ஸ்டெல்லா கேட்ட எல்லாமே அதுல இருந்துச்சு.

"அது வேணாம் தம்பி"ன்னு பாக்கியம்மா குறுக்க வந்தாங்க. "அது எனக்கு."

"ஏம்மா, இப்ப எல்லா டிவியிலயுந்தான் ரூம் தெரியுதே!"

"மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்த பொறவு காட்டுது. இது தானாக் காட்டுச்சு. என் ரூமுக்கு இதுதான்."

அந்த மாடல்ல கடையில இருந்ததே அது ஒண்ணுதான். அடுத்த லோடு வந்ததும் கூப்பிடுறேன்னு சத்யா என் நம்பரை எழுதிக்கிட்டாங்க. "லேக் ஆகாதுல்லம்மா?"ன்னு கேட்டுட்டு, சிபியுவை மறுபடி பெட்ஷீட்டுல சுத்துனேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். ஸ்டெல்லா சோபாவுல விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு, "ஏங்க, ஒருவேளை அந்த மூலை டிவி அங்க இல்லைன்னா அந்தப் பொண்ணு கவிதா நெலைமை?"ன்னா.

அதை நெனைச்சாத்தாங்க இப்பவும் பகீர்ங்குது.

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இனிமே யாரு வீட்டு பிளானா இருந்தாலும் சரி, அம்மா ரூம் நட்டநடுவுலதான்.