முயல் மொழிப் பக்கத்தைச் சிலந்தி பார்க்காத கதை

ஒரு காட்டில், அதிலும் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற மேட்டுப் பக்கத்தில், வடிவு என்றொரு கீரி பாம்புக்கடி வைத்தியம் பார்த்துவந்தது. நல்ல கைராசி. ஆனால் வருகிறவர்கள் கம்மி. அதன் இணையப் பக்கம் சிங்க மொழியில் மட்டும் இருந்ததுதான் காரணம். சிங்கத்தை எந்தப் பாம்பு கடிக்கும்? கடிபடுவது முயல், எலி, அணில். அவற்றுக்குச் சிங்க மொழியில் தெரிந்த ஒரே வார்த்தை "ஐயா".

ஆகவே வடிவு பக்கத்தை எல்லா மொழியிலும் எழுதவைத்தது. முயல் மொழிக்கு அல்லி என்ற முயல் வந்தது. முதல் வரியிலேயே சிக்கல். "கடிபட்டவர் ஓடக்கூடாது" என்று சொல்ல முயல் மொழியில் வழியே இல்லை. பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் "உட்கார்ந்த இடத்திலேயே ஓடவும்" என்று எழுதியது.

பக்கத்தைக் கட்டிக் கொடுத்தது ஒரு நரி. படித்த நரி. கேள்வி கேட்டால் அதற்குக் கோபம் வரும்.

"ஒரே முகவரி, ஒரே வாசல் மேடம். வாசல்ல ஒரு கிளியை நிறுத்தியிருக்கேன். வர்றவங்க மூஞ்சியைப் பார்த்து அவங்க மொழிப் பக்கத்தை எடுத்து நீட்டும்."

"மூஞ்சி புரியலைன்னா தம்பி?"

"சிங்க மொழியை நீட்டிடும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

தெரிந்த மிருகங்கள் எல்லாம் வந்து பார்த்து, அழகு, அழகு என்றன. பார்த்ததில் ஒன்றையும் பாம்பு கடித்திருக்கவில்லை.

மழைக்காலத்தில் அல்லி அழுதுகொண்டு வந்தது. தெற்குப் புதரில் அதன் கொழுந்தனைப் பாம்பு கடித்துவிட்டது. கடிபட்ட முயல் போனை எடுத்துத் தன் மொழியில், "பாம்பு கடிச்சிருச்சு, என்ன பண்ண?" என்று தேடியிருக்கிறது. முதலில் வந்தது பாம்பு நடத்துகிற பக்கம்.

"பாம்பு கடித்ததா? பயம் வேண்டாம். அசையாமல் படுக்கவும். எங்கள் ஆள் நேரில் வந்து கவனித்துக்கொள்வார்."

கவனித்துக்கொண்டார்.

"நான் எழுதினது எங்க போச்சுக்கா?" என்றது அல்லி. "அவன் பொண்டாட்டியும் பிள்ளைகளும் இன்னும் அந்தப் புதர்லதான் இருக்காங்க. நாளைக்கு அவளும் அதையேதான் தேடுவா."

வடிவு நேராகச் சிலந்தியிடம் போனது. அந்தக் காட்டில் யார் எதைத் தேடினாலும் பதில் சொல்வது சிலந்திதான். வாசல் வாசலாக ஏறி இறங்கி, எல்லாப் பக்கத்தையும் படித்து, வலையில் முடிந்து வைத்திருக்கும். அது பார்க்காதது காட்டிலேயே கிடையாது. அப்படித்தான் எல்லா மிருகமும் ஒப்புக்கொண்டிருந்தது. ஏன் ஒப்புக்கொண்டோம் என்று எந்த மிருகமும் கேட்டதில்லை.

"உங்க பக்கம்தானேம்மா? பல தடவை வந்திருக்கேன்," என்றது சிலந்தி. "எப்ப வந்தாலும் சிங்க மொழிதான்."

"முயல் மொழியில இருக்கே."

"எங்க இருக்கு? வாசல்ல ஒரு கிளி. என் மூஞ்சியைப் பார்த்து முழிக்கும், சிங்க மொழியை நீட்டும். படிச்சிட்டுப் போயிடுவேன்."

"வேற மொழி இருக்கான்னு கேட்டிருந்தா குடுத்திருக்கும்."

"நான் கேட்க மாட்டேன். பொத்தானும் அமுக்க மாட்டேன். எட்டுக் காலும் நடக்கத்தான். ஒவ்வொரு மொழிக்கும் தனி வாசல் வைங்க. ஒவ்வொண்ணுலயும் மத்த வாசலுக்கெல்லாம் வழி எழுதுங்க. இது அதைச் சொந்தம்னா, அதுவும் இதைச் சொந்தம்னு சொல்லணும். இல்லேன்னா ரெண்டையும் நம்ப மாட்டேன்."

"பாம்பு அப்படியா வெச்சிருக்கு?"

"எல்லா மொழிக்கும் தனி வாசல். முயல் மொழி கண்றாவியா இருக்கு. ஆனா வாசல் இருக்கு."

நரி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டது. அழகு போய்விடுமாம். வடிவு முடியைச் சிலிர்த்துக்கொண்டு கிட்டே போனதும் தனித்தனி வாசல் வைத்தது. கிளிக்கு வேலை போயிற்று. எப்போது வந்து பார்ப்பாய் என்று சிலந்தியைக் கேட்டால், "வர்றப்ப வருவேன்" என்றது. அது வருவதற்குள் தெற்குப் புதரில் இன்னும் சில முயல்கள் அசையாமல் படுத்தன.

ஒருவழியாகச் சிலந்தி வந்தது, படித்தது, முடிந்துகொண்டது. அல்லி முயல் மொழியில் தேடிப் பார்த்தது. வடிவின் பக்கம் வந்துவிட்டது. பாம்புக்குக் கீழே.

வடிவு மறுபடியும் போய் நின்றது. "அது கொலைகாரப் பாம்பு. அதைப் போய் எப்படி மேல வெச்சே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உங்ககிட்ட வந்தவங்க நாலு நாள்ல எழுந்து, காயம் அரிக்குது, கசாயம் கசக்குதுன்னு மறுபடி தேடுறாங்க. அப்போ அவங்க தேடினது உங்ககிட்ட கிடைக்கலைன்னுதானே அர்த்தம்? பாம்போட பக்கத்துக்குப் போனவங்க ஒருத்தர்கூட அப்புறம் எதையும் தேடலை. முழுத் திருப்தி."

திரும்புகிற வழியில் அல்லி மெதுவாகக் கேட்டது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கீரிதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அந்தப் பாம்பை நீங்க தின்னா என்ன?"

வடிவு நின்றுவிட்டது. பக்கம், வாசல், வழி என்று அலைந்த அலைச்சலில் தான் யார் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

பொழுது சாய்வதற்குள் பாம்பின் கதை முடிந்தது. அதன் பக்கத்தையும் வடிவு எடுத்துக்கொண்டது. முதலிடம் கைக்கு வந்தது. காட்டில் வேறு பாம்புகளுக்கா பஞ்சம்? கொழுந்தன் பெண்டாட்டியை ஒன்று கடித்தது. அதுவும் தேடியது, முதல் பக்கத்தைத் திறந்தது, சொன்னபடி அசையாமல் படுத்தது. வடிவு ஓடிப்போய் மருந்து கட்டியது. பிழைத்துக்கொண்டது. கண்ணைத் திறந்ததும் போனை எடுத்து, "கடிச்ச இடம் அரிக்குது" என்று தேடியது. அடுத்துப் பிழைத்த முயலும் தேடியது. அதற்கடுத்ததும்.

சிலந்தி இதைக் கவனித்தது. இத்தனை நாள் இந்தப் பக்கத்திலிருந்து யாரும் தேடத் திரும்பியதில்லை, இப்போது வரிசையாகத் திரும்புகிறார்கள். பக்கத்தின் தரம் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதைக் கடைசிக்கு இறக்கியது. முதலிடத்தில் செத்த பாம்பின் மச்சானை ஏற்றியது.

நீதி: முதலிடம் வேண்டுமென்றால், வந்தவரை உயிரோடு திருப்பி அனுப்பாதே.