பதினெட்டாவது விளக்கு

மார்த்தாவில் ஒரு விளக்கு குறைந்தது.

மெர்வின் டால்பட் குனிந்து, மூன்றாம் முறையாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு.

"இன்னொரு தரம் எண்ணுங்களேன்," என்றார் அருங்காட்சியக முதலாளி கார்டன் பெல். பயந்தால் எண்ணிக்கை கூடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"விடிய விடிய எண்ணினாலும் பதினேழுதான் கார்டன்."

மார்த்தா ஒரு ஐஸ்கிரீம் வண்டி. மூன்று பாகமாக வந்து ஊரையே கலக்கிய சினிமாவில், ரிவர்ஸ் கியரில் முப்பது மைல் வேகத்தைத் தொட்டால் இறந்த காலத்துக்குப் போய்விடும். முதல் பாகம் வந்து பதினைந்து வருடமாகிறது. அதில் நடித்தவர்களை ஜனங்கள் மறந்துவிட்டார்கள், வண்டியை மறக்கவில்லை. அதற்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை மன்றத்தார் பர்பாங்கில் உள்ள இந்த அருங்காட்சியகத்தில் கூடி, அசல் மார்த்தாவைச் சுற்றி நின்று, டாஷ்போர்டு விளக்குகளை உரக்க எண்ணுவார்கள். எதற்கு என்று கேட்பவரை மன்றத்தில் வைத்துக்கொள்வதில்லை.

பன்னிரண்டு வருடமாகப் பதினேழு வந்தது. கைதட்டிவிட்டு ஹாட் டாக் சாப்பிடப் போனார்கள். எல்லோர் வீட்டிலும் இருந்தது வீடியோ டேப். டிவிப் பெட்டிக்குள் அடங்குவதற்காகப் படத்தின் இரண்டு ஓரத்தையும் அதில் வெட்டியிருந்தார்கள். போன மாதம் ஓரம் வெட்டாத முழுப் படம் டிஸ்க்கில் வந்தது. வலது ஓரத்தில் இதுவரை யாரும் கவனிக்காத ஒரு பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பதினெட்டு!

மன்றம் கொதித்துவிட்டது. தலைவி ஃபிலிஸ் டட்டில் கடிதமே எழுதிவிட்டார்: சனிக்கிழமை பதினெட்டு வராவிட்டால், அங்கே நிற்பது மார்த்தாவே அல்ல என்று அறிவிக்கப்படும்.

"அறிவிச்சாங்கன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்," என்றார் கார்டன். "ஆனா அதுக்கு முன்னாடி உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவேன். வண்டிக்குப் பொறுப்பு நீங்கதானே?"

மெர்வின் பத்தொன்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டியவர். மார்த்தாவைப் பற்றிய வினாடி வினாவில் ஐந்து முறை முதல் பரிசு. கதவிலிருக்கும் ஸ்ட்ராபெரிப் படத்தில் எத்தனை விதை என்பதைத் தூக்கத்திலும் சொல்வார். முந்தைய பராமரிப்பாளர் வாலஸ் ஹிக்ஸ் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போனதும், இரண்டு மாதம் முன்பு இந்த வேலை மெர்வினுக்குக் கிடைத்தது. அன்று அவர் அழுதுவிட்டார். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலை இது.

"ஒரு ஓட்ட போட்டு பல்ப மாட்டிட்டா போச்சு," என்றார் கார்டன்.

"ஓட்டையா? அசல்லயா?" மெர்வின் டாஷ்போர்டைக் கையால் மறைத்துக்கொண்டார். அசலில் துளையிடுவது மன்றத்தில் கொலைக்குச் சமம். மாற்றலாம், கழற்றலாம், துடைக்கலாம். துளையிடக் கூடாது.

நல்லவேளையாக அவருடைய கராஜில் இன்னொரு மார்த்தா இருந்தது. பதினோரு வருடம் தன் கையாலேயே செய்த நகல். டிஸ்க் வந்த அன்றே அதில் பதினெட்டாவது விளக்கைப் பொருத்திவிட்டார். புதன்கிழமை அதன் டாஷ்போர்டைக் கழற்றி எடுத்துவந்து அசலில் நெருக்கித் திணித்து மாட்டினார். பதினெட்டு!

ஆனால் டாஷ்போர்டு பால் வெள்ளை. கதவுகள் பழுப்பு. கிழவருக்குப் புதுப் பல்செட் கட்டியதுபோல இருந்தது.

வியாழக்கிழமை தன் கதவுகளையும் கொண்டுவந்தார். கதவு மூடவில்லை. அளவுநாடாவை வைத்துப் பார்த்தால், அசல் மார்த்தா அவருடைய நகலைவிட இரண்டு அங்குலம் ஒல்லி. மெர்வின் முழுப் படத்தை நிறுத்தி நிறுத்தி அளந்து, அந்த அளவுக்குத் தன் வண்டியை அகலப்படுத்தியிருந்தார்.

'வயசானா மனுஷனே சுருங்கறான். தகரம் சுருங்காதா?' என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஐந்து முறை பரிசு வாங்கிய மூளை அதற்குமேல் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, "கழுவிக்கிட்டு வரேன்," என்று கார்டனிடம் சொல்லி, மார்த்தாவை இழுவை வண்டியில் ஏற்றினார். வீட்டில் அவரவர் உறுப்பை அவரவருக்கே பொருத்தினார். பிறகு அசலைக் கராஜில் நிறுத்திவிட்டுத் தன் நகலை ஏற்றிக்கொண்டு திரும்பினார். ஒரே ஒரு நாள். எண்ணி முடித்ததும் மாற்றிவிடலாம்.

அருங்காட்சியக வாசலில் வழியை மறித்துக்கொண்டு ரொஜேலியோவின் ஐஸ்கிரீம் வண்டி நின்றது. இது சினிமா வண்டி அல்ல, நிஜமாகவே ஐஸ்கிரீம் விற்கும் வண்டி. உடம்பெல்லாம் ரோஸ் பெயின்ட், பக்கவாட்டில் தொப்பி போட்ட கழுதை.

"ஏம்ப்பா, எத்தன தரம் சொல்றது? மார்த்தா வாசல்ல இந்தக் கழுதைய நிறுத்தாதேன்னு!"

"கொஞ்சம் பொறுங்க பாஸ். பின்னாடி கொஞ்சம் தள்ளினாத்தான் இது ஸ்டார்ட் ஆகும். பிடிவாதம் பிடிச்ச வண்டி."

"அசல் மார்த்தா உள்ள போகுது. இப்படி ஒண்ணு பக்கத்துல நின்னா எங்களுக்குத்தான் கேவலம்."

"அம்மாடி, அசலா?" ரொஜேலியோ தொப்பியைக் கழற்றி இழுவை வண்டிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வழிவிட்டான்.

சனிக்கிழமை நூற்றிருபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் ஐஸ்கிரீம்காரர் உடையில். ஃபிலிஸ் கிளிப்போர்டுடன் முன்னால் நின்றார். மெர்வின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பதினஞ்சு... பதினாறு... பதினேழு..." கூட்டம் மூச்சைப் பிடித்தது. "பதினெட்டு!"

கூரை அதிர்ந்தது. ஃபிலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார்.

"இந்த வாசன! கவனிச்சீங்களா? காலத்தோட வாசன. நகல்ல இது வரவே வராது."

அது துணிக்குப் போடும் லாவெண்டர் சோப்பின் வாசனை. மெர்வின் மனைவி லோரெட்டா பதினோரு வருடமாகத் துவைத்த துணிக் கூடையை இந்த நகல் வண்டிமேல்தான் வைத்துவந்தாள்.

ஃபிலிஸ் ஜன்னல் வழியே வெளியே கையைக் காட்டினார். "அதோ பாருங்க, கழுத படம் போட்ட வண்டி. இதையும் பாருங்க. அசல்னா என்னன்னு குழந்தகூடச் சொல்லிடும்!"

எல்லோரும் ரோஸ் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். மெர்வினும் சிரித்தார். வேலை தப்பித்தது. அப்போது கார்டன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மன்றம் ஒரு பரிசு கொண்டுவந்திருக்கு! மார்த்தாவச் சுத்திக் கண்ணாடிக் கூண்டு. இனிமே ஒரு தூசிகூட உள்ள போகாது. இப்பவே பூட்டிச் சீல் வைக்கறோம். மெர்வின், நிரந்தரப் பாதுகாவலர் நீங்கதான்!"

மெர்வின் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கைதட்டலில் அது அமுங்கிப்போனது. நான்கு பேர் கண்ணாடியைத் தூக்கிவந்து நாலு பக்கமும் பொருத்தினார்கள். ஃபிலிஸ் தன் கையால் மெழுகு முத்திரை குத்தினார்.

மெர்வின் ஆபீசுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"லோரெட்டா, கராஜ்ல இருக்கற வண்டியத் தொடாதே. தொடவே தொடாதே!"

"ஏன்? பதினோரு வருஷமா தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அது வேற வண்டி. இது அசல்!"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இஸ்திரிப் பலக மாட்ட ஒரு கொக்கி கேட்டேனே, மூணு வருஷமா செய்யறேன் செய்யறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே."

"ஆமா..."

"காலையில நானே ட்ரில் எடுத்து அந்த வண்டி முதுகுல ஓட்ட போட்டு மாட்டிட்டேன். நல்லா கெட்டியா நிக்குது."

போனை வைத்துவிட்டு மெர்வின் மெதுவாக வெளியே நடந்தார். கால்கள் தாமாகவே ரோஸ் வண்டியிடம் கொண்டுபோய் நிறுத்தின. வெயில் கொளுத்தியது.

"என்ன பாஸ், மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? மாம்பழமா, தேங்காயா?"

"எதையாவது குடு." கோனை வாங்கிக்கொண்டு அவர் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. மன்றத்தில் இல்லாத ஒரே மனிதன் இவன்தான். "ரொஜேலியோ, உள்ள நிக்கறது நான் செஞ்சது. அசல் என் கராஜ்ல இருக்கு, முதுகுல ஓட்டையோட. உலகத்துல இருந்த ஒரே மார்த்தாவ நான் கொன்னுட்டேன்."

ரொஜேலியோ தலையைச் சொறிந்தான். பிறகு வண்டிக்குள் குனிந்து ஏதோ ஒரு விசையைத் தட்டினான். டாஷ்போர்டின் வலது ஓரத்தில், பெயின்ட் திட்டுகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது.

"அழாதீங்க பாஸ், உங்களுக்கு முன்னாடி இருந்தாரே வாலஸ், அவரும் அரிசோனா கிளம்பற அன்னிக்கு என்கிட்ட இந்த வண்டிச் சாவியக் குடுத்துட்டு இப்படித்தான் அழுதாரு: டேப்புல பதினேழு விளக்குதான் தெரியுது, சினிமாவுல ஓடின இதுல பாத்தா பதினெட்டு இருக்கு, மன்றத்துக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு, தான் செஞ்ச வண்டிய அங்க நிறுத்திட்டு இத வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாராம்!"