சம்மனசை ஓட வைத்தவன் நான் இல்லை

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று ஒரு சொலவடை உண்டு. அதை அடிக்கிறவனுக்கு எத்தனை பக்கம் இடி என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால், எழுபதுகளில் ஒரு திருநாள் சாயங்காலம் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் நான் பெரிய டிரம்மைத் தூக்கிக் கழுத்தில் மாட்டியிருக்க மாட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்மேல் இல்லை. முடிவிலும் இதையேதான் சொல்லப் போகிறேன். நடுவில் நீங்கள் மனசு மாறினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்போது எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏறும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. காலையில் முத்தையாபுரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன், சாயங்காலம் உப்புக்காற்றில் ஊறிப்போய்த் திரும்புவேன். பார்க்கச் சுமாராக இருப்பேன் என்று எனக்கு ஓர் எண்ணம். (அந்த எண்ணம் வேறு யாருக்கும் இருந்ததாகத் தகவல் இல்லை.) எங்கள் வீட்டில் சந்தியாகு தண்டலின் மகள் பிலோமியை எனக்குக் கேட்டிருந்தார்கள். தண்டல் என்றால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்மரத் தோணி ஓட்டுகிற தலைவர். கடலில் அவர் வைத்தது சட்டம். கரையில் அதைவிடப் பெரிய சட்டம்.

பெண் கேட்கப் போனவர்களிடம் தண்டல் ஒரே ஒரு பதில்தான் சொல்லி அனுப்பினார்: "பதறாத காரியம் சிதறாதும்பாவ. பையன் நிதானமானவனா இருந்தா எனக்குப் போதும். திருநாள் முடியட்டும், சொல்லுதேன்."

நிதானம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

எங்கள் தெருக் கோயில் மிக்கேல் சம்மனசுக்கு உரியது. வானதூதரை நாங்கள் சம்மனசு என்போம். விரித்த ரெக்கை, ஒரு கையில் வாள், மறு கையில் தராசு. திருநாளன்று சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, பதினாறு பேர் தோள் கொடுத்து, தெருவழியாகக் கடற்கரையில் சிலுவை நட்ட குருசடிவரை போய்த் திரும்புவார்கள். வீட்டுக்கு வீடு சப்பரம் நிற்கும். உப்பும் மிளகும் வைப்பார்கள், மாலை போடுவார்கள், சாமியார் மந்திரிப்பார். நடக்கிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். முன்மரத்தில் இடது தோள் எப்போதும் சந்தியாகு தண்டலுடையது.

சப்பரத்துக்கு முன்னால் பேண்டு. அதில் பெரிய டிரம் அடிக்கும் கஸ்பார், தோணியில் மாலத்தீவு போனவன், காற்று திரும்பாமல் அங்கேயே கிடந்தான். திருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பேண்டு மாஸ்டர் இன்னாசி என்னைத் தேடி வந்தான். (மாஸ்டர் என்றதும் நரைத்த தலையை நினைத்துவிடாதீர்கள். என்னோடு கோலி விளையாடியவன், சைக்கிள் கடை வைத்திருந்தான், கிளாரினெட் ஊதுவான்.)

"ஏலே சூசை, பெரிய டிரம்ம நீ அடிக்கியா?"

"எனக்கு ஒண்ணுந் தெரியாதேலே."

"தெரியதுக்கு அதுல என்னல இருக்கு? உனக்குக் கை இருக்குல்லா? கால் இருக்குல்லா? எடது கால் விழும்போது ஒரு அடி. அம்புட்டுத்தான் சங்கீதம்."

நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். (பிலோமி வீட்டு வாசல் வழியாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, நெஞ்சில் ஒரு டிரம்மோடு போகலாம் என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது. அது வேறு விஷயம்.)

பாடம் சைக்கிள் கடைக்குப் பின்னால் நடந்தது. டிரம்மைத் தொட விடவில்லை. "தோலு தொய்ஞ்சிரும்லே" என்று ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலைத் தரையில் தட்டித் தட்டி, கட்டையால் அடித்தேன். டும்... டும்... டும். கேட்பதற்கு எவ்வளவு லேசு! அடித்துப் பாருங்கள், தெரியும். கையைக் கவனித்தால் கால் நின்றுவிடும். காலைக் கவனித்தால் கை ரெண்டு அடி சேர்த்து அடித்துவிடும். ரெண்டையும் கவனித்தால் மூச்சுவிட மறந்துபோகும். ஆபீசில் மேசையில் அடித்தேன். மேலதிகாரி மேசையை மாற்றினார். வீட்டில் அரிசி டின்னில் அடித்தேன். அம்மா டின்னை மாற்றினாள். கடைசியில் எப்படியோ கை படிந்துவிட்டது. ஒரே ஒரு கோளாறு. நாலு நிமிஷம் அடித்தால், எனக்கே தெரியாமல், அடி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுக்கும். இன்னாசியிடம் சொன்னேன்.

"படிக்கிற காலத்துல எல்லாவனுக்கும் அப்பிடித்தான்லே ஓடும். நடக்கும்போது தானா அமந்துரும்."

"நிறுத்துறதுக்கு என்ன அடிக்கணும்?"

"அது வேற. மூணு கட்டை அடி. அதச் சனிக்கிழம சொல்லித் தாரேன். மொதல்ல கெளம்பக் கத்துக்க."

சனிக்கிழமை அவன் ஏரலில் ஒரு கல்யாணத்துக்கு ஊதப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை திருநாள். இதற்கு மேலும் தப்பு யார்மேல் என்று நான் விளக்க வேண்டுமா?

விளக்குகிறேன். ஏனென்றால் ஒருத்தரும் எனக்குச் சொல்லாத விஷயம் இன்னொன்று இருந்தது. சப்பரம் தூக்கும் பதினாறு பேருக்கும் டிரம்தான் வழிகாட்டி. மரத்துக்கு அடியில் குனிந்திருப்பவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆளாளுக்கு நடந்தால் சப்பரம் சாயும். அதனால் டிரம் விழும்போது எல்லா இடது காலும் சேர்ந்து விழ வேண்டும். மூணு கட்டை அடி கேட்டால் மட்டுமே எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும். "தோணிக்குச் சுக்கான், சப்பரத்துக்கு டிரம். டிரம்மு சொல்லாம எவனும் நிக்கப்பிடாது." இது யார் போட்ட சட்டம்? சாட்சாத் சந்தியாகு தண்டல் போட்ட சட்டம்.

சாயங்காலம் கிளம்பினோம். முன்னால் இன்னாசி கிளாரினெட்டோடு, அவனுக்குப் பின்னால் சின்ன டிரம் ரெண்டு, கடைசியில் நான். எனக்குப் பின்னால் பதினாறு ஆம்பளைகளும் ஒரு சம்மனசும். சப்பரத்துக்குப் பின்னால் ஜெபம் சொல்லிக்கொண்டு சாமியாரும் பெண்களும்.

முதல் வீடு வந்தது. மாலையோடு நின்றார்கள். நான் அடித்துக்கொண்டே கடந்தேன். சப்பரமும் கடந்தது. சரி, திரும்பி வரும்போது நிற்கும்போல என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? ரெண்டாவது வீட்டிலும் அப்படியே. "ஏய்! ஏய்!" என்று யாரோ கூப்பிட்டார்கள். என் வாசிப்பைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் ஓங்கி அடித்தேன்.

அப்போதுதான் என் முதுகுப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சப்பரத்து முன்மரம் என் பிடரிக்கு ஒரு முழத்தில் இருந்தது. நான் பயந்து நடையை எட்டிப் போட்டேன். கால் வேகமானால் அடியும் வேகமாகும். அப்படித்தானே எனக்குப் படித்துக் கொடுத்தார்கள்? அடி வேகமானதும் பதினாறு இடது காலும் வேகமாயின. மரம் மறுபடி பிடரிக்கு வந்தது. நான் இன்னும் எட்டிப் போட்டேன். அவர்களும் எட்டிப் போட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். யார் யாரைத் துரத்தியது?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகரும் என்றுதான் சொன்னார்களே தவிர, ஓடும் என்று சொல்லவில்லை. சின்ன டிரம்காரர்கள் ரெண்டு பேரும் ஓரமாகத் தாவிவிட்டார்கள். இன்னாசி முன்னால் ஓடிக்கொண்டே ஊதினான். "நிறுத்தட்டுமாலே?" என்று கத்தினேன். வாயில் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு அவன் எப்படிப் பதில் சொல்வான்? புருவத்தை மட்டும் தூக்கினான். அந்தப் புருவத்துக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியாது. அவர்கள் என் அடிக்குத்தான் ஓடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அடிப்பதை விட்டுவிட்டால், நிற்பதா நடப்பதா என்று தெரியாமல் பதினாறு பேரும் சப்பரத்தோடு என்மேல் விழுவார்கள். புலிவாலைப் பிடித்தவன் கதைதான். புலிக்காவது நாலு கால். எனக்குப் பின்னால் முப்பத்திரண்டு.

பிலோமி வீடு வந்தது. அவள் அம்மா ரோஜா மாலையோடும், பிலோமி உப்பு மிளகுத் தட்டோடும் நின்றார்கள். அந்த வாசலில் ஒரு கம்பீரப் பார்வை பார்க்க வேண்டும் என்று வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். நடந்தது என்னவென்றால், கண் பிதுங்க, வாய் பிளக்க, டிரம்மைச் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக அவளைக் கடந்தேன். சம்மனசின் ரெண்டு ரெக்கையும் படபடவென்று ஆடின. பறக்கப் போகிறார் என்று ஒரு பெண் முழங்காலில் விழுந்தாள்.

பிலோமி தட்டோடு கூடவே ஓடி வந்தாள். "ஏ, நிப்பாட்டுங்களேன்!" என்று கத்தினாள். என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நேர்ச்சை தவறிவிடக் கூடாதே என்று தட்டிலிருந்த உப்பையும் மிளகையும் அள்ளிச் சப்பரத்தை நோக்கி வீசினாள். காற்று கடலிலிருந்து அடித்தது. அத்தனையும் என் முகத்தில்.

தும்மல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தும்மலுக்கும் கை தானாக ஓர் அடி கூடுதலாக அடித்தது. அந்தக் கூடுதல் அடிக்கெல்லாம் பதினாறு பேரும் ஒழுங்காக ஒரு குதி குதித்தார்கள்! சட்டம் என்றால் சட்டம். "எவம்லே டிரம் அடிக்கான்?" என்று மரத்துக்கு அடியிலிருந்து தண்டலின் குரல் கேட்டது. "நான்தான் மாமா... அச்!" என்றேன். மறுபடி ஒரு குதி.

எங்களை நிறுத்தியது மனுசன் இல்லை, மணல். கடற்கரை வந்ததும் கால் புதைந்தது. நடை அமர்ந்தது, அடி அமர்ந்தது, தண்ணீருக்குப் பத்து பாகம், அதாவது அறுபது அடி, முன்னால் சப்பரம் நின்றது. குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட ஆள் வந்து சேரவில்லை. தூரத்தில், தெருமுனையில், சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவ்வளவு ஓட்டத்திலும் சம்மனசின் தராசுத் தட்டு கழன்று விழவில்லை, ஒரு கால் பிசகவில்லை. இதற்காக ஒருத்தராவது எனக்குக் கை கொடுத்தார்களா? கிடையாது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. தண்டலுக்கு இடது தோள் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

"பதறுதவன் கையில எம் மவளக் குடுக்க மாட்டேன்," என்றார். "பேச்ச இத்தோட விட்ருவோம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்.

"மாமா, நான் அடிக்கப் போனேன், அடிச்சேன். நீங்க ஏன் ஓடுனிய?"

"டிரம்மு ஓடிச்சு, ஓடுனோம்!"

"நீங்க வெரட்டுனிய, டிரம்மு ஓடிச்சு!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்!" என்று அவர் அதட்டினார்.

"கூடம் கோணலாத்தான இருந்துச்சு!" என்று நானும் விடவில்லை. இன்னாசியைத் தேடினேன், நேற்றுத் தூக்கிய புருவத்தை இறக்காமலே நழுவிக்கொண்டிருந்தான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணம் கடலோடு போயிற்று என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் சொன்னது நியாயமா இல்லையா?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அவிய சொல்லுதது சரிதாம்ப்பா."

பிலோமி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஏளா, நீ பாத்தியா?" என்றார் தண்டல்.

"வாசல்ல நின்னு பாத்தேன்."

"யாரு மொதல்ல வேகம் எடுத்தா?"

"நீங்கதாம்ப்பா. சப்பரம் நெருக்குச்சு, அதுக்குப் பெறவுதான் டிரம்மு ஓடிச்சு."

தண்டல் மகளைப் பார்த்தார். கோயில் கதவைப் பார்த்தார். வீங்கிய தோளைத் தடவிக்கொண்டார். "கோயில் வாசல்ல நின்னு எம் மவ பொய் சொல்ல மாட்டா," என்றார் கடைசியில். "சரி. தை மாசம் வச்சுக்கிடுவோம். ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்குப் பேண்டு கெடையாது."

அப்படித்தான் எங்கள் கல்யாணம் சத்தமே இல்லாமல் நடந்தது. இன்றைக்கும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால், நான் தெரியாமல் மேசையில் விரலால் தட்டிவிட்டால் போதும், மச்சினன்மார் எழுந்து வரிசையாக நின்று தோளைக் கொடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ரெக்கை ஆட்டுகிறார்கள். நான் கோபப்பட்டு எழுந்து போனால், "பாத்து நடந்து போங்க, பின்னால வாரவிய பாவம்" என்கிறார்கள். அவர்களிடம் எல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: பார்த்த சாட்சி இருக்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் அந்தச் சாட்சி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சினன்மார் வாயை மொத்தமாக அடைத்துவிடலாம் என்று நினைத்து, "பிலோமி, அன்னைக்கு எந்த வீட்டுக்கிட்ட வச்சு உங்கப்பா வேகம் எடுத்தாவ? சரியாச் சொல்லு," என்றேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீதான பாத்த!"

"நான் எங்க சப்பரத்தப் பாத்தேன்? உங்க மூஞ்சியத்தான பாத்துட்டு நின்னேன்."

இத்தனை வருஷமும் என் நியாயத்துக்கு இருந்த ஒரே சாட்சி எதையுமே பார்க்கவில்லை! "அப்போ கோயில் வாசல்ல நின்னு பொய்யா சொன்ன?" என்றேன்.

"அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட பாவத்தச் சொல்லிட்டேன்," என்றாள் அவள், செதிளை உதறிக்கொண்டே. "சாமியாரு கூண்டுக்குள்ள கொஞ்ச நேரம் சிரிச்சிட்டு, ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு."

ஒன்று! என்னைக் கட்டிக்கொள்வதற்காகச் சொன்ன பொய்க்கு, அபராதம் ஒரே ஒரு ஜெபம்! ஒரு அம்பத்துமூணு மணி ஜெபமாலையாவது சொல்லச் சொல்லியிருக்க வேண்டாமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள்.